வெள்ளைத் தாடி வில்லன்

"பொம்பளை பழிவாங்கினா எவன் டிக்கெட் வாங்குவான்? கடைசி அடியை குவோக் அடிக்கட்டும். அவ மயங்கி விழட்டும்."

தட்டிக்கு அந்தப் பக்கம் முதலாளி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் மான்யீ தலைமுடியை இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தாள். பின்னிய கை நின்றுவிட்டது.

அது ஹாங்காங்கில் குங்ஃபூ படங்கள் எடுக்கும் ஒரு பழைய ஸ்டூடியோ. படத்தின் கதை எளிது. வெள்ளைத் தாடி வில்லன் ஒருவன் ஒரு பெண்ணின் அப்பாவைக் கொல்கிறான். அவள் மலையேறிப் போய்க் குங்ஃபூ கற்று, இறங்கி வந்து அவனைக் கொல்கிறாள். அந்தப் பெண்ணாக நடிப்பவள் மான்யீ. அவளுக்கு இது முதல் படம். குவோக் பெரிய நட்சத்திரம். நேற்றுத்தான் படத்துக்குள் வந்தவன்.

மான்யீ நேராக ஃபுங் மாஸ்டரிடம் போனாள்.

படத்துக்குச் சண்டை அமைப்பவர் ஃபுங் மாஸ்டர். மாஸ்டர் என்று கூப்பிட்டாலும் அவர் ஒரு பெண். மான்யீக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். வில்லனாக நடிப்பவரும் அவரே. 'வில்லன் வேஷத்துக்கு, என் எதிரே நிற்கிற மாதிரி ஒரு ஆம்பளையும் கிடைக்கலை' என்று சொல்லி அந்த அம்மாள் தாடியைத் தானே எடுத்துக்கொண்டார்.

இப்போது கண்ணாடி முன் உட்கார்ந்து அதை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், கேட்டீங்களா? மழைக்காலம் முழுக்க முட்டி தேய உதை வாங்கினது நான். கதையில செத்தது என் அப்பா. கடைசி அடி மட்டும் அந்த ஆளுக்கா?"

மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. விரலால் உதட்டோரத்தைக் காட்டினார். பசை காய வேண்டும்.

"நீங்க சொன்னா முதலாளி கேட்பாரு."

மாஸ்டர் இல்லை என்று தலையசைத்தார்.

"நான் சொன்னா?"

இன்னும் பலமாகத் தலையசைத்தார்.

"அப்ப நான் என்னதான் செய்யணும்? மயங்கி விழணுமா?"

மாஸ்டர் யோசித்தார். பிறகு, ஆமாம் என்று தலையாட்டினார்.

மான்யீக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உங்களுக்குப் பயம். தாடி ஒட்டிக்கிட்டா மட்டும் வீரம் வந்துடாது."

அதற்கும் மாஸ்டர் ஆமாம் என்றே தலையாட்டினார். அவள் மணிக்கட்டில் தளர்ந்திருந்த துணியை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டார்.

வலித்தது.

அட்டையில் செய்த கோயில். கேமரா ஓடியது. மான்யீ சண்டை போட்டாள். சொன்ன இடத்தில் மயங்கி விழுந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். மதில்மேலிருந்து குதித்த குவோக், மாஸ்டரின் மார்பை நோக்கி ஒரு குத்து விட்டான்.

சினிமாவில் குத்து மேலே படாது. ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். வாங்குகிறவர் பறந்துபோய் விழுந்தால்தான் அது அடி.

மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், விழலையா?" என்றார் முதலாளி.

"எதுக்கு?"

"குத்தினானே!"

"இவன் அப்பாவை நான் கொல்லலையே. இவன் எந்த ஊர்னே எனக்குத் தெரியாது."

விளக்குப் பிடிப்பவர்கள் சிரித்துவிட்டார்கள்.

மறுபடி எடுத்தார்கள். குவோக் குத்தினான். மாஸ்டர் தாடியைத் தடவிக்கொண்டார்.

அடுத்த முறை குவோக் நிஜமாகவே குத்தினான். சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மாஸ்டர் ஓரடி பின்னால் போனார். மூச்சை இழுத்துக்கொண்டு, பழைய இடத்துக்கே வந்து நின்றார்.

"ஃபிலிம் வீணாப் போகுது! விழு! விழறதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

"விழத்தான் போறேன், முதலாளி. கொஞ்சம் நேரமாகும்போல இருக்கு."

கீழே கிடந்த மான்யீ கண்ணைத் திறந்தாள். எதிரே மாஸ்டரின் கால்கள். முழங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. பாதம் மட்டும் நகரவில்லை.

மான்யீ எழுந்தாள்.

"ஏய், நீ மயக்கத்துல இருக்கே!" என்று கத்தினார் முதலாளி.

"தெளிஞ்சிடுச்சு."

வழியில் நின்ற குவோக்கைத் தோளால் ஒதுக்கினாள். அவள் முஷ்டி மாஸ்டரின் மார்புக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது.

மாஸ்டர் பறந்தார். ஊதுவத்திச் சட்டியைத் தாண்டி, அட்டைக் கதவை உடைத்துக்கொண்டு, கோயிலுக்கு வெளியே போய் மல்லாந்து விழுந்தார். தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது செல்லாது! திரும்ப எடுக்கணும். எழுந்திரு! உன்னைத்தான், எழுந்திரு!"

மாஸ்டர் ஒரு கையால் தாடியை நேராக்கிக்கொண்டு, மறுபடி செத்துப்போனார்.