இருபத்திரண்டு கொடுவாள்

மலையில் இரண்டாம் நாளாகத் தீ. ரேஞ்சர் மாசிலாமணி ஜீப்பை நிறுத்திய வேகத்தில் குடிலின் கோழிகள் சிதறி ஓடின.

உள்ளே அம்மையார் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார். வயதில் மாசிலாமணியைவிட ஐந்து வருடம் இளையவர். ஆனாலும் பத்து வருடமாக இவருக்குக் குரு அவர்தான். மேலதிகாரியிடம்கூட வளைந்து கொடுக்காத மனிதர், இந்த வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றுவார். இன்று அதையும் மறந்துவிட்டார்.

“நன்றிகெட்ட ஜனங்கம்மா. காடு பத்தி எரியுது. ஊருக்குள்ள போய்க் கூப்பிடுறேன், தேன் எடுக்கிற மாரையன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். ஒருத்தர் எழுந்திரிக்கல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க.”

“முன்னெல்லாம் கூப்பிடாமலே வருவாங்களே?”

“வருவாங்க. பூ கருகினா தேன் போயிடும்னு தை மாசமே சருகைக் கூட்டித் தள்ளி, தீ தாண்டாம பாதை போட்டு வச்சிடுவாங்க. இப்ப திமிரு.”

“இப்ப தேன் யாருக்கு?”

“யாருக்கும் இல்ல. தேன், நெல்லிக்கா, தொடப்பம் கட்டுற சீமாத்துப் புல்லு, எல்லாத்துக்கும் போன வருஷமே தடை போட்டாச்சு. காட்டைக் காப்பாத்தத்தானே போட்டேன்.”

மாசிலாமணி காலையிலிருந்து பட்டினி. வழக்கம்போலத் தன் தட்டை எடுத்தார். அம்மையார் அதைப் பிடுங்கிப் பரணில் வைத்தார்.

“இன்னிக்கு உங்களுக்குக் கஞ்சி கிடையாது. அடுப்பை மட்டும் பாத்துக்குங்க.”

குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டார்.

வந்ததே கோபம் மாசிலாமணிக்கு. பத்து வருடப் பழக்கத்துக்கு இதுதானா மரியாதை? வாசற்கல்லில் போய் உட்கார்ந்தார். உள்ளே கஞ்சி பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அடிப்பிடிக்கும் வாடையும் வந்தது. அவர் அசையவில்லை.

அம்மையார் திரும்பி வந்து, கரிந்த பானையை அவர் முன்னால் நங்கென்று வைத்தார்.

“ஏன் பாத்துக்கல?”

“எனக்கு இல்லேன்னு சொன்ன கஞ்சிக்கு நான் ஏன்...”

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் விட மனமில்லை.

“கஞ்சியும் காடும் ஒண்ணாம்மா? காடு நாட்டுச் சொத்து.”

“அப்ப நாட்டைக் கூப்பிடுங்க. மேல பங்களாவுக்கு மிருகம் பாக்க ஆளுங்களை விடுறீங்களே, அவங்களைக் கூப்பிட்டீங்களா?”

“அவங்க நேத்தே கீழ எறங்கிட்டாங்க.”

“சரி. மாரையன் வர்றான்னே வைங்க. பச்சைத் தழை வெட்டித்தானே தீயை அடிக்கணும். அவங்க கொடுவாளெல்லாம் எங்க?”

மாசிலாமணி புகையைப் பார்த்தார்.

“ஆபீஸ்ல இருக்கு. தடையை மீறிக் காட்டுக்குள்ள போனாங்கன்னு பிடுங்கி வச்சது. இருபத்திரண்டு.”

அம்மையார் கோபப்பட்டு அவர் பார்த்ததே இல்லை. இன்று பார்த்தார்.

“அப்ப ஆபீசுக்குப் போங்க. அந்த இருபத்திரண்டு கொடுவாள்கிட்டயும் சொல்லுங்க, போய்த் தீயை அணைச்சிட்டு வரச்சொல்லி.”