செம்புக் குடம் கிள்ளிக் கொடுத்தது

செம்புக் குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் மட்டும் ஏன் தனி ருசியாக இருக்கிறது, தெரியுமா?

அந்தக் காலத்தில், பானை சட்டியெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, கடலோரத்தில் பவளாயி என்று ஒருத்தி இருந்தாள். ஊர்க் கிணறெல்லாம் ஒரே உப்பு. அவள் பிள்ளைக்கோ மூன்று நாளாகக் காய்ச்சல். உப்புத் தண்ணீரை வாயில் வைத்தால் துப்பிவிடும்.

பவளாயி உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். மூடியில் கோத்த ஆவித் துளிகளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பொன் கிண்ணத்தில் ஊற்றினாள். அப்போதெல்லாம் பொன் அவ்வளவு மலிவு.

தண்ணீருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "உப்பு, மண்ணு எல்லாத்தையும் அடுப்புல விட்டுட்டு வெறும் ஆளா நிக்கிறேன். துணைக்கு உன் மேனியில ஒரு கிள்ளு குடு அக்கா. இல்லேன்னா மேகத்துக்கே போயிடுவேன்" என்றது.

"என் மேல கை வைக்காதே. ஒரு பொட்டு உதிர மாட்டேன்" என்றது பொன்.

தண்ணீர் ஆவியாகக் கிளம்புவதைப் பார்த்துப் பதறிய பவளாயி, பாதியை இரும்புச் சட்டிக்கு மாற்றினாள்.

"எவ்வளவு வேணுமோ அள்ளிக்க தங்கச்சி" என்றது இரும்பு. அள்ள அள்ளத் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆனது. சட்டியின் அடியும் ஓட்டையாகி எல்லாம் ஒழுகிப்போனது.

கிண்ணத்தில் மிஞ்சியதைப் பவளாயி செம்புக் குடத்தில் ஊற்றினாள். இரும்பு பட்ட பாட்டைப் பார்த்த குடத்துக்கு உதறல். நம் அடியும் போய்விட்டால்? அதற்குள் தூளியில் பிள்ளை வறண்ட நாக்கோடு முனகியது. குடத்துக்கு மனசு கேட்கவில்லை.

"எடுத்துக்கடி. ஆனா போதும்னு நீதான் சொல்லணும்."

தண்ணீர் ஒரே ஒரு கிள்ளு எடுத்தது. "போதும்க்கா. இது போதும்."

அடங்கி உட்கார்ந்த தண்ணீரைப் பவளாயி மொண்டு புகட்டினாள். பிள்ளை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, இன்னும் என்று கையை நீட்டியது. சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது.

கிள்ளிக் கொடுத்த இடத்தில் குடம் கறுத்திருந்தது. "எம்பிள்ளைக்குக் குடுத்தவளைக் கறுப்பா விடுவேனா?" என்று பவளாயி ஒரு பிடி புளியோடு உட்கார்ந்து, தங்கமாக மின்னும்வரை தேய்த்தாள்.

அன்று முதல்தான் செம்பு தண்ணீருக்குத் தன்னில் ஒரு கிள்ளு கொடுத்துக் கறுக்கிறது; அந்தக் கிள்ளுதான் தண்ணீரின் தனி ருசி. நாமும் புளி போட்டுத் துலக்குகிறோம். துலக்கும்போது குடம் இன்றைக்கும் கேட்பது ஒன்றுதான்:

"மெதுவாத் தேயி தாயி. நாளைக்குக் குடுக்கவும் நான் இருக்கணும்ல."