மூங்கில் ஏன் முனகுகிறது

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. சும்மா வாய் இல்லை, ஓயாத வாய். காட்டுக்குள் ஒருவன் கோடரியோடு நுழைந்தால் போதும், "என்னப்பா, ஏருக்கா, உலக்கைக்கா?" என்று ஆளாளுக்கு விசாரிக்கும். எந்த வேலைக்கு எது ஆகும் என்று மரமே சொல்லிவிடும். மனுசனுக்குக் கேட்டுக்கொள்கிற வேலை மட்டும்தான். அதைக்கூட அவன் ஒழுங்காகச் செய்யவில்லை, என்னத்தைச் சொல்ல!

ஒரு மலையில் காரி என்று வில் செய்கிறவன் இருந்தான். நல்ல கைக்காரன். அவனுக்கு ஒரே தங்கை, தும்பி. அவள் புருசன் பொறையன் தினைக்காட்டுக்குக் காவல். அந்த வருசம் ஒரு சிறுத்தை ஆட்டை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

பொறையன் காரியிடம் வந்தான். "மச்சான், இருக்கிற வில்லெல்லாம் எனக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு. என் கைக்குத் தக்கன ஒண்ணு செஞ்சு குடு."

ஆள் நெட்டை, கையும் நீளம். காரி கயிற்றை வைத்து அளந்து பார்த்துச் சிரித்தான். "மாப்பிள்ளை, நீ இழுக்கிற இழுப்புக்கு ஒத்தை மரம் தாங்காது. மூணு மரத்துல பத்தை சீவி, சேர்த்து ஒட்டணும்."

மறுநாள் காட்டுக்குப் போனான். புளியமரம் முதலில் பேசியது. "என்னை உள்பக்கம் வை. நாணை இழுத்தா அந்தப் பக்கம்தான் நசுங்கும். நான் தாங்கிக்குவேன்." கடம்பு, "எனக்குக் கனம் இல்லை, நடுவுல வை" என்றது. "நான் வரட்டுமா?" என்று முருங்கையும் எட்டிப் பார்த்தது. "நீ கீரையோட நில்லு தாயி" என்றான் காரி. காடே சிரித்தது.

கடைசியில் மூங்கில் சொன்னது: "வில் வளையறப்போ வெளிப்பக்கம் இழுபடும். அந்த இடம் என்னது. ஆனா என் பலமெல்லாம் தோலில்தான் இருக்கு. உள்ளே எவ்வளவு வேணும்னாலும் செதுக்கிக்கோ, தோலை மட்டும் தொடாதே."

"சரி" என்றான் காரி. மனசாரத்தான் சொன்னான்.

மூன்று பத்தைகளையும் சீவி, பசை தடவி, கயிறு சுற்றி இறுக்கி, எட்டு நாள் நிழலில் காயவைத்தான். வில் நன்றாகத்தான் வந்திருந்தது. ஒரே ஒரு உறுத்தல். வெளிப்பக்கம் மூங்கிலின் கணு புடைத்துக்கொண்டு நின்றது. அறுவடை விழாவுக்கு எல்லா ஊரும் கூடும். 'காரி கைபட்ட வில்லா இப்படி மேடும் பள்ளமுமா இருக்கு?' என்று எவனாவது சொல்லிவிட்டால்? சின்னக் கத்தியை எடுத்தான்.

"காரி, வேண்டாம்" என்றது மூங்கில்.

"ஒரு இழைதான். சும்மா இரு."

"அது மேடு இல்லைடா, என் நரம்பு. அறுத்துடாதே!"

காரிக்குச் சுருக்கென்றது. "எத்தனை வில் செஞ்சவன் நான்! எனக்கே பாடம் எடுக்கிறியா? இனி வாயைத் திறந்தே, அடுப்புல வெச்சிருவேன்."

மூங்கில் வாயை மூடிக்கொண்டது.

கணுவை மழமழவென்று சீவி, எண்ணெய் தேய்த்தான். வில் பளபளத்தது. "இப்பப் பாரு, எவ்வளவு அழகு! என்ன, சரிதானே?" என்று கேட்டான். பதில் இல்லை. கோபம் போல, நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு வில்லைப் பொறையன் கையில் கொடுத்துவிட்டான், பாவி.

மூன்றாம் நாள் காலை தினைக்கதிருக்குள்ளிருந்து சிறுத்தை பாய்ந்தது. பொறையன் கைநீளம் முழுக்க நாணை இழுத்தான். சீவின இடத்தில் வில் படாரென்று முறிந்தது. வேறு எதையும் எடுக்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை.

அவன் உடலைத் தூக்கிக்கொண்டு வந்து தும்பியின் வாசலில் கிடத்தினார்கள். பக்கத்தில் முறிந்த வில்லையும் வைத்தார்கள். தும்பி அதை எடுத்து, அந்த மழமழப்பான இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"அண்ணே, எதுவா இருந்தாலும் மரம் முன்னாடியே சொல்லிடுமே. மூங்கில் உங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று காரிக்குத் தோன்றியது. பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"சொல்லுச்சு தும்பி. கெஞ்சுச்சு. நான்தான் வாயை மூடுன்னேன்."

அதற்குப் பிறகு அவள் அவனை அண்ணே என்று கூப்பிடவே இல்லை.

காரி மூங்கில் புதருக்கு ஓடினான். "பேசு! என்னைத் திட்டவாவது திட்டு!" என்று கதறினான். மூங்கில் பேசவில்லை. சேதி கேட்ட புளியும் கடம்பும் பேசவில்லை. அந்த வாயாடி முருங்கைகூட வாய் திறக்கவில்லை. அப்போது காற்று அடித்தது. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி, ஏதோ சொல்ல வருவதுபோல் ஒரு சத்தம். காரி ஓடிப்போய்க் காதை வைத்தான். வெறும் முனகல்தான். தலை நரைக்கும்வரை தினமும் வந்து காதை வைத்துப் பார்த்தான், ஒரு சொல் வரவில்லை.

அன்று முதல்தான் மூங்கில் காற்றடித்தால் முனகுகிறது, வில் செய்கிறவனும் அதன் தோலில் கத்தி வைப்பதில்லை, நாண் ஏற்றுவதற்கு முன்னால் அதில் காதை வைத்து, "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறான்.