எங்கள் மன்றத்தின் ஸ்கேன் வைபவம்

எங்கள் ஊரில் யாருக்கும் புத்தி குறைச்சல் இல்லை. செலவழிக்க மனசு வராது, அவ்வளவுதான். இந்தச் சிக்கனத்தில் எங்கள் நாடக மன்றத்துக்குத்தான் முதலிடம். அதன் செயலாளன் அடியேன்.

ஒருநாள் மன்றத்துக் கம்ப்யூட்டர் கறகறவென்று சத்தம் போட ஆரம்பித்தது. நான் இரண்டு வருடம் மண்டையை உடைத்து எழுதிய நாடகம் அதற்குள்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது. பங்குனித் திருவிழாவுக்கு ஒன்பதே நாள்.

ஈரோட்டு மெக்கானிக் கார்வேந்தனுக்குப் போன் போட்டேன். எதை எதை அழுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு, "அணைச்சு மறுபடி போடுங்க. டிஸ்க்கை அதுவே ஸ்கேன் பண்ணிக்கும். அப்புறம் ரிசல்ட்டைச் சொல்லுங்க" என்றார்.

அணைத்து மறுபடி போட்டோம். 'டிஸ்க்கைச் சோதிக்கப் போகிறேன். வேண்டாமென்றால் பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும்' என்று திரையில் வந்தது.

தலைவர் கை படாமல் எங்கள் மன்றத்தில் எதுவும் தொடங்காது. போன மாதம் வாங்கிய விளக்குமாற்றுக்கே ரிப்பன் வெட்டினோம். தலைவர் அத்தியப்பன் துண்டைச் சரிசெய்துகொண்டு விரலை நீட்டினார்.

"ஏனுங்க, வேண்டாம்னாத்தானே அழுத்தச் சொல்லுது?" என்றார் துணைத்தலைவர் நாச்சிமுத்து.

"மிசினுக்கு நம்ம மன்றத்து வழக்கம் என்ன தெரியும்? நாமதான் பழக்கோணும்."

அழுத்தினார். கைதட்டினோம். கம்ப்யூட்டர் ஸ்கேனை விட்டுவிட்டு உடனே திறந்துகொண்டது.

"அதுக்குள்ள முடிஞ்சுருச்சு பாத்தீங்களா!" என்று தலைவர் பூரித்துப்போனார்.

துணைத்தலைவருக்கு முகம் வாடியது. அவருக்காக இன்னொரு முறை ஸ்கேன் வைத்தோம். அவரும் அழுத்தினார். ஆசை யாரை விட்டது? மூன்றாவது முறை நானும் அழுத்தினேன்.

சாயங்காலம் கார்வேந்தன் கூப்பிட்டார். "ஸ்கேன் நடந்துச்சுங்களா?"

"அதை எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

"பதிவேட்டுல எழுதியிருக்கும், பாருங்க."

கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு எழுதி வைக்கும் பதிவேட்டை அவர் சொன்னார். நான் மேசை இழுப்பறையைத் திறந்து மன்றத்துப் பதிவேட்டை எடுத்தேன். எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தது.

"நடந்திருக்குங்க. மூணு தடவை."

"ரிசல்ட் என்னன்னு போட்டிருக்கு?"

"பலத்த கைதட்டல்."

கார்வேந்தன் தங்கமான மனிதர். அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நாளைக்குக் காலையில ஸ்கேன் வச்சுட்டு, ரூமைப் பூட்டிட்டு எல்லாரும் வெளிய நில்லுங்க. யாரும் எதையும் தொடாதீங்க" என்றார்.

மறுநாள் நின்றோம். நாலு மணி நேரம், உச்சி வெயிலில். எதையும் தொடக்கூடாது என்றதால், அத்தனை நேரமும் கையை மேலே தூக்கிக்கொண்டே நின்றோம். பஸ்ஸில் போனவர்கள் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

கதவைத் திறந்ததும் கார்வேந்தன் போனிலேயே வழி சொல்லி, கம்ப்யூட்டருக்குள் இருந்த சரியான பதிவேட்டைத் திறக்க வைத்தார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஸ்கேன் நடந்திருந்தது. டிஸ்க்கில் பழுதான இடங்கள் ஏராளம்.

"எப்ப வேணும்னாலும் போயிரும்ங்க. உள்ள இருக்கறதையெல்லாம் இன்னைக்கே வேற இடத்துக்கு மாத்திருங்க."

உடனே அவசரக் கூட்டம் போட்டோம்.

"இந்த ரூம்ல ஓதம் ஏறுது. என்ற ஊட்டு மாடி நல்லாக் காத்தோட்டமா இருக்குது" என்றார் தலைவர்.

"உள்ள இருக்கறதை மட்டுந்தானுங்களே மாத்தச் சொன்னாரு?" என்றார் நாச்சிமுத்து.

"தனியா வெளிய எடுத்தா வெயில்ல வாடிப் போயிருமல்லோ? பெட்டியோடவே போகட்டும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வேலை முடிந்ததும் நானே கார்வேந்தனைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணு விடாம மாத்தியாச்சுங்க."

"நல்லதுங்க. எதுல? பென்டிரைவ்லயா?"

"குட்டியானை வேன்லங்க. ரோடெல்லாம் பள்ளம். குதிச்சுக் குதிச்சு எப்படியோ வந்து சேந்துருச்சு."

மறுபடியும் தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு ஈனசுரத்தில் கேட்டார்: "நாடகம் இருக்கான்னு பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பனுங்களா? ரெண்டு வருச உழைப்பாச்சே! பெட்டியைக் காதுகிட்டத் தூக்கி ஆட்டிப் பாத்தேன். முன்னெல்லாம் வெறும் கறகறதான் கேக்கும். இப்பக் கலகலங்குது. நாலு காட்சி கூடவே இருக்குமாட்டத் தெரியுதுங்க."