பனிமணிக்கொடிக்குக் காவல் இருந்த மந்திரவாதி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. ஆனால் இப்போது தரமாட்டேன். முதலில் நீங்கள் குளிரில் நடுங்க வேண்டும். பிறகு கொஞ்சம் மனசு கலங்க வேண்டும். அதற்கும் பிறகுதான் சிரிப்பு. அவசரக்காரர்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

மலைகளுக்கு யாரும் பெயர் வைக்காத காலத்தில், மேகங்களுக்கும் மேலே வெண்கோட்டை என்று ஒரு நாடு இருந்தது. அங்கே பூவை என்று ஒரு பெண். எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிவிடுவாள். சேவல் குரலில் கூவி ஊரையே ஒரு நாழிகை முன்னால் எழுப்பிவிடுவாள். அரசர் குரலில் இருமினால் காவலர்கள் ஓடிவந்து வரிசையில் நிற்பார்கள்.

அந்த நாட்டு மலையுச்சியில் விறையன் என்று ஒரு மந்திரவாதி. மூக்கு நுனியில் எப்போதும் ஒரு பனித்துளி தொங்கும். ஒருநாள் பூவை சந்தையில் அவனைப் போல மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசிக் காட்டினாள். எல்லோரும் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். அவள் அண்ணன் ஆதன் மட்டும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அந்த நேரம் பார்த்து அவனுக்குப் பின்னால் விறையனே நின்றிருந்தான்.

ஊதினான் ஒரு ஊது. ஆதன், சிரித்த வாய் சிரித்தபடியே, கோட்டைச் சுவரோரம் பனிச்சிலையாகிவிட்டான்.

பூவை காலில் விழுந்தாள். விறையன் மூக்கை உறிஞ்சினான்.

"மூன்று குளிர்காலம் தருகிறேன். பனி உருகும் முன்னால் இந்தச் சுவரில் ஒரு பூ, ஒரே ஒரு பூ, பூக்கட்டும். உன் அண்ணன் எழுந்து நடப்பான். பூக்காவிட்டால் மூன்றாம் கோடையில் உருகித் தண்ணீராக ஓடிவிடுவான். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடு."

முதல் வருஷம் பூவை சமவெளி வியாபாரிகளிடம், தட்டு அகலத்துக்குப் பூக்கிற ஒரு கொடியைக் கேட்டு வாங்கி வந்து நட்டாள். என்ன அழகு, என்ன ஒய்யாரம். முதல் பனி விழுந்த காலையில் அது வேகவைத்த கீரையாகிக் கிடந்தது.

இரண்டாம் வருஷம் அவளுக்குப் புத்தி வந்தது. பெரிய பூ வேண்டாம், குளிர் தாங்குகிற பூ வேண்டும் என்று மலைமேல் ஏறித் தேடினாள். பாறை இடுக்கில், பனிக்குப் பக்கத்திலேயே, தலைகவிழ்ந்த நீலமணிகளாக ஒரு கொடி பூத்திருந்தது. பனிமணிக்கொடி. இப்போது நர்சரிகளில் கிளமாட்டிஸ் என்கிறார்களே, அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். குடும்பத்திலேயே முதலில் கண்விழிக்கிற பிள்ளை.

அதன் கன்று ஒன்றைக் கொண்டுவந்தாள். தண்ணீர் தேங்காமல் இருக்கக் குழியில் சரளைக்கல் போட்டாள். வேர் நிழலில் இருக்க வேண்டும், தலை வெயிலில் இருக்க வேண்டும் என்று பார்த்து, அண்ணனின் காலடியிலேயே நட்டாள். ஆதன் நிழல் வேருக்கு, வெயில் தலைக்கு. கொடி கோடை முழுக்கக் குடுகுடுவென்று சுவரில் ஏறியது.

குளிர் வந்ததும் இலை உதிர்ந்து காய்ந்த கயிறு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் போகி வந்தது.

வெண்கோட்டைக்காரர்களுக்குப் போகி என்றால் உயிர். நாட்டில் காய்ந்தது, கிழிந்தது, உடைந்தது எதுவும் மிஞ்சக் கூடாது. அரண்மனைக் காவலர்கள் அரிவாளோடு வந்து கொடியைத் தரையோடு அறுத்துத் தீயில் போட்டார்கள். வேரிலிருந்து மறுபடி தளிர்த்தது. இலை வந்தது, கொடி வந்தது. பூ வரவில்லை.

பூவை மலைமேல் போய் உட்கார்ந்து அழுதாள். அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஒரு வரையாடு, அசைபோடுவதை நிறுத்தாமல் என்ன விஷயம் என்று விசாரித்தது. அவள் சொன்னாள்.

"அட, அது போன வருஷத் தண்டில்தான் பூக்கும் பெண்ணே. மொட்டெல்லாம் அந்தக் காய்ந்த குச்சிக்குள்ளேதான் தூங்கும். நான் குளிரில் பசி பொறுக்காமல் கடித்த கொடி எதுவும் அந்த வருஷம் பூத்ததில்லை. பூ ருசி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எத்தனை தடவை வருத்தப்பட்டிருக்கிறேன் தெரியுமா. வெட்டுவதானால் பூத்து முடிந்த பிறகு வெட்டு."

பூவை ஓடிப்போய் அரசரிடம் சொன்னாள். இந்த ஒரு கொடியை மட்டும் போகிக்கு விட்டுவைக்கும்படி கெஞ்சினாள். அரசர் இரக்கப்பட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் காய்ந்ததைச் சுவரில் வைத்துக்கொண்டு பொங்கல் வைத்தால் நாட்டுக்கே ஆகாது என்று சொல்லிவிட்டார். விறையன் அப்படியொரு நிபந்தனை போட்டதே இந்த வழக்கத்தை நம்பித்தானோ என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூன்றாம் போகிக் காலை. கொடி வெட்டுப்படுவதை வேடிக்கை பார்க்க விறையனே இறங்கிவந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது.

அரசர் குரல் கனைத்தது. "கொடி செத்துவிட்டதா, கொழுந்தப்பா?"

தோட்டக்காரர் கொழுந்தப்பரின் கரகரக் குரல். "சாகலைங்க அரசே. போன வருஷம் வேர் பிஞ்சு, அதான் பூக்கலை. இப்ப தரையோட அறுத்துட்டா வேர்ல இருந்து குபுகுபுன்னு கிளம்பி, பனிக்குள்ளேயே பூத்துரும்."

மந்திரியின் மூக்குக் குரல். "மெதுவாகப் பேசுங்கள். விறையனுக்குத் தெரிந்தால் வெட்ட விடமாட்டான்."

விறையன் மூக்கு நுனித் துளி விழுந்தே விட்டது. அரிவாளோடு காவலர்கள் வருவதற்குள் எழுந்து நின்று, கைக்கோலால் கொடியைச் சுற்றிக் கோடு கிழித்தான். ஆளுயரத்துக்குப் பனிவேலி எழும்பியது.

"வெட்டக் கூடாது, தொடக் கூடாது, மூச்சுக்கூட விடக் கூடாது," என்றான்.

அன்றிலிருந்து அங்கேயே குடியிருந்தான். ஆடு வந்தது, வெட்டக் கூடாது, தொடக் கூடாது என்று விரட்டினான். காக்கை வந்தது, மூச்சுக்கூட விடக் கூடாது என்று கல்லெறிந்தான். மாசியில் ஆலங்கட்டி மழை கொட்டியது. குச்சி ஒடிந்தால் வெட்டியதாகிவிடுமே என்று தன் கம்பளியைக் கழற்றிக் கொடிமேல் போர்த்திவிட்டு, அவன் வெறும் உடம்போடு நின்றான். பூவை எதிரில் உட்கார்ந்து, கன்னத்தைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அண்ணனின் பனிக்காதிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிவதைப் பார்க்கும்போது மட்டும் அந்தச் சிரிப்பும் நின்றுவிடும்.

குச்சிகளின் கணுவில் இரண்டிரண்டாக மயிர்முளைத்த உருண்டைகள் பருத்தன. பூச்சி என்று விறையன் முகம் சுளித்தான். பங்குனி பிறந்தது. கணுக்கால் அளவுக்குப் பனி இன்னும் கிடந்தது. ஒரு காலையில் அவன் மூக்குக்கு நேராக ஓர் உருண்டை தலைகவிழ்ந்து, நான்கு இதழாகப் பிரிந்து, நீலமணியாகத் தொங்கியது.

பனிவேலி பொலபொலவென்று உதிர்ந்தது. ஆதன் மூன்று வருஷமாக நின்றுபோன சிரிப்பைச் சிரித்து முடித்துவிட்டு, தும்மினான். பூவை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊரே கூடிவிட்டது. இனிப் போகிக்குப் பனிமணிக்கொடியைத் தொடுகிறவன் கைக்கு விலங்கு என்று அரசர் அங்கேயே ஆணையிட்டார். நாட்டுச் சுவர் ஒவ்வொன்றிலும் அதை நட்டு வளர்க்கிற பொறுப்பைப் பூவையிடம் கொடுத்தார்.

விறையனுக்கு ஒன்றும் புரியவில்லை. வெட்டாமலே எப்படிப் பூத்தது? அரசரைப் பிடித்துக்கொண்டான். போகியன்று வெட்டினால் பூக்கும் என்று நீரும் தோட்டக்காரரும் மந்திரியும்தானே பேசினீர்கள் என்று கேட்டான். அரசர் திகைத்தார். போகியன்று அவர் மாமனார் ஊரில் இருந்தாராம்.

தோட்டக்காரரிடம் போனான். மார்கழி முழுக்கத் தொண்டை கட்டி, தன் பெண்டாட்டியிடமே கைஜாடைதான் காட்டினேன் என்றார் கொழுந்தப்பர்.

மந்திரியிடம் போனான். மந்திரி வருஷா வருஷம் போகிக்கு மௌன விரதமாம்.

விறையன் அப்படியே நின்றான். விரலை மடக்கினான். அரசர் இல்லை, ஒன்று. தோட்டக்காரர் இல்லை, இரண்டு. மந்திரி இல்லை, மூன்று. மடக்கிய மூன்று விரலையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, பூவை இருந்த பக்கம் தலையைத் திருப்பினான்.