பொட்டாஷ் தின்ற கரி

கொட்டாங்குச்சியைச் சுட்டு, மின்சாரத்தைச் சேமிக்கும் கரியாக்கும் ஆய்வுக்கூடம் அது. குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காங்கேயம் பக்கம் எண்ணெய் மில் நடத்தி, நொடித்துப்போய், விட்ட படிப்பைத் தொடர வந்தவர். அவர் "மேடம்" என்பார், ஜெசிந்தா "சார்" என்பார். இதில் யார் குரு என்று வாட்ச்மேனுக்கு இன்றுவரை குழப்பம்தான்.

அன்று காலை சென்னியப்பன் பையும் கையுமாக வந்து நின்றார்.

"ஊருக்குக் கிளம்பறனுங்க மேடம். எனக்கு இது சரிப்படாது."

"ஏன் சார்?"

"என் வயசுல பாதியை அந்த மில்லு தின்னு போட்டுதுங்க. மிச்சம் இருக்கறதை வச்சு இனி என்னத்தைப் பண்றது?"

ஜெசிந்தா அடுப்புப் பக்கம் திரும்பினார். "நேத்து சுட்ட கரி என்னாச்சு?" என்றார்.

அந்தத் துக்கத்திலும் மனுஷருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "டப்பா நெறைய வந்திருக்குதுங்க!"

வராமல் என்ன செய்யும்? கரியோடு பொட்டாஷ் என்கிற காரத்தைக் கலந்து மறுபடி சுட வேண்டும். பொட்டாஷ் கரியைத் தின்னும், பாதிகூட மிஞ்சாது. கண்ணெதிரே சரக்கைக் குறையவிட மில்காரருக்கு மனசு வருமா? பொட்டாஷைக் கிள்ளித்தான் போட்டிருந்தார்.

ஜெசிந்தா திட்டவில்லை. "சாயங்காலம் போகலாம், இருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் சுட்ட கரியில் பேட்டரி மாதிரி ஒரு செல்லும் தான் சுட்ட கரியில் ஒரு செல்லும் செய்தார். இரண்டிலும் ஒரே எடை கரி. இரண்டுக்கும் மின்சாரம் ஏற்றி, ஆளுக்கொரு குட்டி பல்பு மாட்டினார்.

சென்னியப்பனின் பல்பு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. மற்றது எரிந்தது. டீ வந்தது, குடித்தார்கள். அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அட, என்னங்க இது!" என்றார் சென்னியப்பன். "என் கரி கெட்டியா, முழுசா இருந்துச்சு. நீங்க சுட்டதுல பாதிக்கு மேல காணோம். இத்தனை மின்சாரமும் அதுல எங்கதானுங்க நிக்குது?"

"பொட்டாஷ் தின்ன ஓட்டைக்குள்ளதான் சார்."

காங்கேயம் பஸ் கிளம்பும் நேரமாகியும் சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை.