கருமலையான் கை வைத்த வத்தை

நம்புமாரியின் வத்தை கரையேறிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். காற்று மணலை வாரி வாரி அடித்ததில் அந்தப் பழைய மரப்படகின் வயிறு பாதி புதைந்து போயிருந்தது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "கருமலையானைக் கேளு" என்பார் நம்புமாரி. அதற்கு மேல் பேச மாட்டார்.

ஒரு புயல் காலையில் ஊரே கயிறு பிடித்துப் படகுகளை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. நம்புமாரியின் வத்தைக்கு முறை வந்தபோது கருமலையான் பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டுத் தன் வத்தையைப் பார்க்க ஓடினார். அந்த நேரம் பார்த்து வந்த அலை நம்புமாரியின் வத்தையைப் பாறையில் தூக்கிப் போட்டது. அடிக்கட்டை பிளந்தது. அன்றோடு பேச்சு நின்றது. நம்புமாரி அடுத்தவர் விசைப்படகில் கூலிக்குப் போனார்.

இந்த வருஷம் விசைப்படகுக்காரர், "பெரியப்பா, கண்ணுக்கு முன்னால வலை கிழிஞ்சு கிடக்குறது உங்களுக்குத் தெரியல. போதும், வீட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது. மனைவி சேதம்மாள் காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். மணலைத் தோண்டி, அடிக்கட்டையை மாற்றி, பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சி அடைத்தார்கள். கம்மல் அதோடு தீர்ந்தது. இனி இறக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வத்தை இறக்குகிறவர் முந்தின நாள் வீடு வீடாகப் போய், "நாளைக்கு ஒரு கை கொடுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்ன வீட்டிலிருந்து ஆள் வந்தே தீரும். கை வைத்த வீட்டுக்கெல்லாம் முதல் மீன்பாட்டில் ஒரு கூறு. ஆனால் ஒரு வீடு விட்டுப்போனாலும் யாரும் வத்தையைத் தொட மாட்டார்கள்.

நம்புமாரி எல்லா வீட்டுக்கும் போனார். கருமலையான் வீட்டைத் தாண்டும்போது மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மறுநாள் காலை கரை நிறைய ஆள். பனந்தடிகளை வரிசையாகப் போட்டாயிற்று. ஊர்த் தலைவர் முத்திருளாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சா?"

"சொல்லிட்டேன்."

"எல்லா வீட்டுக்குமா?"

நம்புமாரி பனந்தடியை நேராக்குவது போலக் குனிந்தார்.

"அப்ப டீயைக் கொண்டாரச் சொல்லுப்பா, குடிச்சிட்டுப் போறோம்" என்றார் முத்திருளாண்டி. எல்லோரும் மணலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். சுண்டல் தின்றார்கள். சேதம்மாளிடம் உப்பு தூக்கல் என்றார்கள். பிறகு எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நம்புமாரி விடவில்லை. சொந்தக்காரர் ஒருவரிடம் கெஞ்சி ஒரு டிராக்டரைக் கொண்டுவந்தார். முனையில் கயிறு கட்டி இழுத்தார்கள். வத்தை அசையவில்லை, முனகியது. குங்கிலியம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து பார்த்தார்.

"பெரியவரே, இதுக்கு மேல இழுத்தா மூக்கு மட்டும் வரும். வத்தை இங்கேயேதான் கிடக்கும்."

அன்று சாயங்காலம் நம்புமாரி பனையடிச் சாமியிடம் போனார். கடலோரப் பனைகளுக்கு நடுவே குடிசை போட்டிருந்தவர் அவர். முன்னே பஸ் கண்டக்டராக இருந்தவர் என்று ஊரில் பேச்சு. வயதில் நம்புமாரிக்குத் தம்பி மாதிரி. இருந்தாலும் நம்புமாரி அவரைக் குருவாக வரித்து, வருஷக் கணக்காகக் குடிசையைப் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைத்துவந்தார்.

"சாமி, அவன் வீட்டு வாசல்ல போய் நிக்காம என் வத்தையை எப்படி இறக்குறது?"

"அவர் வந்தா நல்லாத் தள்ளுவாரோ?"

"எங்க தள்ள? வாதம் வந்து வலது கையும் காலும் விளங்கல. சோத்தையே ஊட்டி விடுறாங்க. அந்தக் கைக்காகத்தான் ஊரே என்னைய நிப்பாட்டி வச்சிருக்கு."

"அப்ப அவர் வேண்டாம்ண்ணே. காலையில நான் வாரேன்."

விடிந்ததும் சாமி வந்தார். துண்டைத் தலையில் கட்டினார். வத்தையின் பின்புறம் தோளைக் கொடுத்தார்.

"தள்ளுங்கண்ணே."

இருவரும் தள்ளினார்கள். வத்தை நகரவில்லை.

"இன்னொரு தடவை."

நகரவில்லை.

"இன்னொரு தடவை."

வெயில் ஏறியது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "சாமி, மந்திரம் போட மறந்துட்டீகளோ?" என்றான் ஒருவன். சாமி அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் தோளைக் கொடுத்தார். மணல் சுட ஆரம்பித்தபோது நம்புமாரிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வத்தை மேல் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"இன்னொரு தடவை, அண்ணே."

"போதும் சாமி. போறேன்."

"எங்க?"

"அவன் வீட்டுக்குத்தான். வேற எங்க?"

"வெரசாப் போங்க. சோத்து நேரத்துல போனா, சாப்பிட வந்திருக்கீகன்னு நெனைப்பாரு."

கருமலையான் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். நம்புமாரி வாசலிலேயே நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு ஒரு கை கொடுங்க" என்றார், சுவரைப் பார்த்து.

"விளங்குற கையா, விளங்காத கையா?" என்றார் கருமலையான்.

நம்புமாரி திரும்பி நடந்தார்.

மறுநாள் கருமலையானை அவர் மருமகன்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். வத்தையின் ஓரத்தில் நிறுத்தி, இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அவருடைய வலது கையை எடுத்துப் பலகை மேல் வைத்தார்கள். முத்திருளாண்டி குரல் கொடுத்தார். கரை முழுவதும் தலையைக் குனிந்து தோளைக் கொடுத்தது. சாமியும் ஒரு பக்கம் நின்றார். வத்தை ஒரு தரம் குலுங்கியது. பிறகு பனந்தடிகள் மேல் கடகடவென்று உருண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. சேதம்மாள் குலவையிட்டாள்.

முதல் மீன்பாடு மோசமில்லை. ஓராவும் சூடையுமாகக் கிடைத்தது. சேதம்மாள் மணலில் சாக்கை விரித்து வீட்டுக்கு ஒரு கூறாகப் பிரித்தாள். ஒவ்வொருவராக வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியில் இரண்டு கூறு மிஞ்சியது. ஒன்று அவர்களுடையது. இன்னொன்றை அவள் ஓலைக் கொட்டானில் போட்டு, "கருமலையான் அண்ணன் வீட்டுல கொடுத்துட்டு வாங்க" என்றாள்.

நம்புமாரி கொட்டானை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போனது கருமலையான் வீட்டுக்கு இல்லை. சாமியின் குடிசைக்கு.

"சாமி, ஒரு ஞாயம் கேக்கணும்."

"கேளுங்க."

"கை வச்ச வீட்டுக்குக் கூறுன்னா, தள்ளுனவனுக்குக் கூறுன்னுதான அர்த்தம்? தள்ளாதவனுக்கு எதுக்கு?"

"அவர் தள்ளலையா?"

"தள்ளலை சாமி. நான் பார்த்தேனே. விரல் ஒண்ணுகூட மடங்கலை. செத்த மீன் மாதிரி பலகை மேல கிடந்துச்சு அந்தக் கை. கட்டை விரல் நகம் கறுத்துப் போயிருக்கு. ஈ ஒண்ணு வந்து மணிக்கட்டுல உக்காந்துச்சு. அது அப்படியே ஊர்ந்து முழங்கை வரைக்கும் போகுது, விரட்டக்கூட முடியல. வத்தை கிளம்புனதும் கை நழுவித் தொங்கிப்போச்சு. மூத்த மருமகன் அதைத் தூக்கித் தூக்கித் திரும்பப் பலகையில வைக்கிறான். தண்ணி வரைக்கும் இதே கூத்துதான். அன்னைக்கு அந்தப் புயல்ல எப்படி விட்டானோ அப்படியேதான் இன்னைக்கும்."

"குனிஞ்சு தள்ளுனதுல எனக்கு மணல்தான் தெரிஞ்சுது. நீங்க எல்லாத்தையும் பார்த்தீகளா?"

"கண்ணை எடுக்கலையே சாமி. மொதல்லேருந்து கடைசி வரைக்கும்."

சாமி கொட்டானை வாங்கி மீனைப் பார்த்தார். நல்ல ஓரா. அதை நம்புமாரியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தள்ளாதவங்களுக்குக் கூறு கிடையாதுன்னா, அன்னைக்கு ரெண்டு வீட்டுக்குக் கிடையாதுண்ணே."